நிலத்துக்கும் சிறுதொழிலுக்கும் புதிதா? யாரை, எந்த வரிசையில் போய்ப் பார்ப்பது

ஊரில் இரண்டு ஏக்கர் இருக்கிறது, வேலையை விட்டுவிட்டு வந்து பார்க்கலாமா என்று கேட்பவரும், வீட்டில் அரைக்கிற சத்துமாவைப் பாக்கெட் போட்டு விற்கலாமா என்று கேட்பவரும் அடுத்து கேட்பது ஒன்றுதான்: கடன் எவ்வளவு கிடைக்கும், அதில் மானியம் எத்தனை சதவீதம்? கேட்பதில் தப்பில்லை. ஆனால் அதையே முதல் கேள்வியாக வைத்துத் தொடங்குகிறவர்கள், மெஷின் வந்து இறங்கிய பிறகுதான் சரக்கை யாரிடம் விற்பது என்று தேட ஆரம்பிக்கிறார்கள், அதற்குள் முதல் தவணை வந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் புதியவர்களுக்குக் கைகொடுக்க ஆட்கள் நிறையவே இருக்கிறார்கள், பெரும்பாலும் காசு வாங்காமல். அவர்களை எந்த வரிசையில் போய்ப் பார்ப்பது என்பதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. நான் சொல்லும் வரிசை இது: முதலில் ஊருக்கான அலுவலர், அப்புறம் பயிற்சி, அப்புறம் குழு, அப்புறம் சின்ன அளவில் விற்றுப் பார்ப்பது, கடைசியில்தான் வங்கி.

ஊர் அலுவலரும் உங்கள் காகிதங்களும்

உங்கள் ஊராட்சிக்கென்று ஓர் உதவி வேளாண்மை அலுவலர் இருக்கிறார். காய்கறி, பழம், பூ என்றால் உதவி தோட்டக்கலை அலுவலர். வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போய்ப் பெயரையும் எந்தக் கிழமை ஊருக்கு வருவார் என்பதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 2018-ல் அரசு கொண்டுவந்த உழவன் செயலியை போனில் போட்டுக்கொண்டால் அலுவலர் வருகை, விதை இருப்பு, சந்தை விலை, வானிலை, வாடகை இயந்திரம், மானியத்துக்குப் பதிவு எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். செயலி இருக்கிறதே என்று ஆளைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். எந்த விதை எப்போது டெப்போவுக்கு வருகிறது, உங்கள் பக்கத்து ஊரில் யார் சொட்டுநீர் போட்டு நன்றாகச் செய்கிறார் என்பதெல்லாம் பேசினால்தான் தெரியும்.

போகும்போது பட்டா, சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தக நகல் கையில் இருக்கட்டும். இங்கேதான் பாதிப் பேருக்குச் சிக்கல், பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கும், அல்லது கூட்டுப் பட்டாவில் பெரியப்பா சித்தப்பா பெயர்கள் எல்லாம் வரிசையாக நிற்கும். விதை வாங்குவதற்கு முன்னால் இதைச் சரிசெய்யும் வேலையைத் தொடங்கிவிடுங்கள், ஏனென்றால் பயிர்க் கடன், பயிர்க் காப்பீடு, சொட்டுநீர், இப்போது கொடுக்கப்படும் விவசாயி அடையாள எண் எல்லாமே இந்த ஒரு காகிதத்தில் போய்த்தான் முட்டும். ஐந்து ஏக்கருக்குள் இருந்தால் வட்டாட்சியரிடம் சிறு குறு விவசாயி சான்று வாங்குங்கள். சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு குறு விவசாயிகளுக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் மானியம், அந்த வித்தியாசத்தை முடிவு செய்வது இந்தச் சான்றுதான்.

குத்தகைக்கு எடுத்துச் செய்பவர்களுக்கு நிலைமை கடினம், அதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. நில உரிமையாளர் எழுத்தில் தரத் தயங்குவார். ஆனாலும் யார் சாகுபடி செய்கிறார் என்பது அடங்கலில் வர வேண்டும், கிராம நிர்வாக அலுவலரிடம் பொறுமையாகப் பேசிப் பாருங்கள். அது நடக்கவில்லை என்றால் கூட்டுப் பொறுப்புக் குழு என்ற வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன். பெண்களுக்கும் இதே கஷ்டம். களை எடுப்பதும் நாற்று நடுவதும் அவர்கள், பட்டாவில் பெயர் மட்டும் கணவருடையது, அதனால் 'விவசாயி' என்று எந்தப் பதிவேட்டிலும் அவர்கள் வருவதில்லை. குடும்பத்தில் பேசி ஒரு பகுதியையாவது அவர்கள் பெயருக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள், அது பெரிய விஷயம்.

மண்ணைக் கொடுத்துப் பாருங்கள்

புதியவர்கள் தாண்டிப் போய்விடுகிற வேலை இது. மண் பரிசோதனை நிலையத்தில் வாங்கும் கட்டணம் மிகக் குறைவு, தப்பான உரத்துக்குச் செலவழிக்கும் காசோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. மாதிரி எடுப்பதில்தான் கவனம் வேண்டும். வரப்பு ஓரம், மர நிழல், குப்பை கொட்டிய இடம், வாய்க்கால் பக்கம் எடுக்காதீர்கள், உரம் போட்ட கையோடும் எடுக்காதீர்கள். வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் மேலே கிடக்கும் சருகைத் தள்ளிவிட்டு, 'வி' வடிவத்தில் குழி வெட்டி, நெல், கேழ்வரகு, நிலக்கடலை என்றால் 15 செ.மீ. ஆழம் வரை ஓரத்து மண்ணைச் சீராகச் சுரண்டி எடுங்கள், பருத்தி, கரும்பு, மரவள்ளிக்கு இன்னும் கொஞ்சம் ஆழம் போக வேண்டும். தென்னை, மா வைப்பதாக இருந்தால் ஒன்று, இரண்டு, மூன்று அடியில் தனித்தனி மாதிரி. ஒரே ஆழத்தில் எடுத்த மண்ணையெல்லாம் ஒன்றாகக் கலந்து பரப்பி, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளி, அரைக் கிலோ வரும்வரை இதையே திரும்பச் செய்து நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டிக் கொடுங்கள். கிணற்று நீரையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள், உப்புத் தண்ணீர் என்று பயிர் வாடிய பிறகு தெரிவதைவிட இப்போதே தெரிவது நல்லது.

பயிற்சி: எங்கே போவது, போய் என்ன கேட்பது

வேளாண் அறிவியல் நிலையம், சுருக்கமாக கே.வி.கே. நாட்டிலேயே முதல் கே.வி.கே. 1974-ல் நம் பக்கத்தில் புதுச்சேரியில்தான் தொடங்கியது. இன்று தமிழ்நாட்டில் ஏறத்தாழ எல்லா மாவட்டத்துக்காரர்களும் போய்வரும் தூரத்தில் ஒன்று உண்டு. சிலவற்றைக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் நடத்துகிறது, நாமக்கல்லில் இருப்பது கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ், கோபிசெட்டிபாளையத்தில் மைராடா தொண்டு நிறுவனம், திண்டுக்கல் பக்கம் காந்திகிராமம். காளான், தேனீ, மண்புழு உரம், நாட்டுக்கோழி, வெள்ளாடு, ஊறுகாய், சிறுதானியப் பண்டங்கள் என்று பயிற்சி நடந்துகொண்டே இருக்கும். அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம், நேரில் போய்ப் பெயரையும் எந்தப் பயிற்சி வேண்டும் என்பதையும் பதிந்துவிட்டு வாருங்கள், ஆள் சேர்ந்தால் கூப்பிடுவார்கள். ஆடு மாடு கோழி என்றால் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையங்கள் மாவட்டங்களில் இருக்கின்றன. அட்மா என்ற வேளாண் விரிவாக்கத் திட்டத்தில் உங்கள் வட்டாரத்திலேயே பண்ணைப் பள்ளியும் வெளியூர் பட்டறிவுப் பயணமும் நடக்கும், அதற்கு ஆள் தேர்வு செய்வது விரிவாக்க மையத்தில்தான், அதனால்தான் முதலில் அங்கே முகம் காட்டச் சொன்னேன்.

இயற்கை விவசாயத்தில் மனம் உள்ளவர்கள் கரூர் மாவட்டம் கடவூர்ப் பக்கம் நம்மாழ்வார் உருவாக்கிய வானகத்துக்குப் போய்த் தங்கிப் படிக்கலாம். அவர் 2013 டிசம்பரில் மறைந்தார், பயிற்சிகள் நின்றுவிடவில்லை. மரபு நெல் விதை தேடுகிறவர்களுக்குத் திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாதான் நல்ல தொடக்கம். நெல் ஜெயராமன் அங்கே ஏற்படுத்திய வழக்கம் எனக்கு மிகவும் பிடித்தது: இரண்டு கிலோ விதை இலவசமாக வாங்கிப் போகிறவர் அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும், அந்த நான்கு கிலோ இன்னும் இரண்டு பேருக்குப் போகும். மாப்பிள்ளைச் சம்பாவும் காட்டுயானமும் இன்று இத்தனை வயல்களில் நிற்பதற்கு அந்த ஏற்பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் ஒன்று, மரபு ரகங்களில் பல நீண்ட நாள் பயிர், மகசூலும் குறைவு. யார் வாங்குவார் என்று தெரியாமல் முழு நிலத்திலும் போடாதீர்கள், கால் ஏக்கரில் போட்டுப் பாருங்கள்.

தொழில் பக்கம் வருகிறவர்களுக்கு ஆர்செட்டி எனப்படும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனம். கர்நாடகத்தின் உஜிரேயில் 1982-ல் தொடங்கிய ஒரு முயற்சியைப் பார்த்து நாடு முழுக்க மாவட்டத்துக்கு ஒன்றாக வங்கிகள் நடத்துகின்றன. தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் இலவசம். பால் மாடு, காளான், தையல், செல்போன் பழுதுபார்ப்பு என்று எது கற்றாலும் கூடவே கணக்கு எழுதவும் வங்கியில் பேசவும் சொல்லித் தருகிறார்கள், முடித்து வெளியே வந்த பிறகும் இரண்டு ஆண்டு தொடர்ந்து விசாரிப்பார்கள். இவ்வளவு நல்ல ஏற்பாடு பலருக்குத் தெரியவே தெரியாது என்பது எனக்கு வருத்தம்தான். உணவுப் பொருள் என்றால் தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம், முன்பு நெல் பதன ஆராய்ச்சி மையமாக இருந்தது, அங்கே கட்டணம் செலுத்தி அவர்களுடைய இயந்திரங்களிலேயே உங்கள் சரக்கைச் செய்து பார்க்கலாம். மெஷின் வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்தவர்கள் எவ்வளவு காசு மிச்சப்படுத்துகிறார்கள் என்று சொல்லி முடியாது.

பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி போட்டோ எடுத்துக்கொண்டு வருவது பயிற்சி ஆகாது. மூன்று விஷயம் கேளுங்கள். இதே பயிற்சி எடுத்து இன்றும் தொழில் நடத்துகிறவர் இந்த மாவட்டத்தில் யார், அவரைப் போய்ப் பார்க்க முடியுமா? எடுத்து விட்டுவிட்டவர்கள் எதனால் விட்டார்கள்? எந்த மாதத்தில் இந்தத் தொழில் படுக்கும்? காளானுக்குக் கோடை, தேனீக்குப் பூ இல்லாத காலம், கறவை மாட்டுக்குப் பசுந்தீவனம் கிடைக்காத மாதங்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வறண்ட காலம் இருக்கிறது, அந்த மாதங்களில் வீட்டுச் செலவுக்கு என்ன வழி என்பதற்குப் பதில் இல்லாமல் இறங்கக் கூடாது. நடத்துகிறவர் ஒத்துக்கொண்டால் அவருடைய கொட்டகையில் ஒரு வாரம் கூலியில்லாமல் வேலை செய்யுங்கள். வகுப்பில் கிடைக்காதது அங்கே கிடைக்கும்.

குழு

தனியாக நிற்கும் புதியவருக்கு உரக்கடைக்காரரும் வியாபாரியும்தான் ஆலோசகர்கள் ஆகிவிடுகிறார்கள், இருவருக்குமே விற்க ஏதோ ஒன்று இருக்கிறது. அதனால்தான் குழுவை இவ்வளவு முன்னால் வைக்கிறேன்.

பெண்களுக்கு மகளிர் சுய உதவிக் குழு. தமிழ்நாட்டில் 1989-ல் தருமபுரியில் தொடங்கிய இயக்கம் இன்று எல்லா ஊரிலும் வேர்விட்டிருக்கிறது. சேர்வதற்கு முன் அந்தக் குழு ஒழுங்காகக் கூடுகிறதா, சேமிக்கிறதா, உள்ளுக்குள் கடன் கொடுத்து வாங்குகிறதா, திருப்பிக் கட்டுகிறார்களா, நோட்டுப் புத்தகம் எழுதுகிறார்களா என்று பாருங்கள், வங்கியும் இந்த ஐந்தைத்தான் பார்க்கும். கடன் வாங்குவதற்கு மட்டுமே கூடுகிற குழு சீக்கிரம் உடையும்.

குத்தகைக்காரர்களுக்குக் கூட்டுப் பொறுப்புக் குழு. நான்கிலிருந்து பத்துப் பேர் சேர்ந்து ஒருவருக்கொருவர் பொறுப்பேற்று, அடமானம் இல்லாமல் வங்கியில் கடன் வாங்கும் முறை இது. ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர் தலையில் விழும் என்பதால், யாரோடு சேர்கிறோம் என்பதுதான் இதில் எல்லாமே, உறவுக்காகவோ முகத்தாட்சண்யத்துக்காகவோ யாரையும் சேர்க்காதீர்கள்.

நிலம் உள்ளவர்களுக்கு உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், எஃப்.பி.ஓ. என்று சொல்கிறார்களே அதுதான். 2002-ல் கம்பெனிச் சட்டத்தில் செய்த திருத்தத்தால் பத்து விவசாயிகள் சேர்ந்தாலே ஒரு கம்பெனி தொடங்கலாம் என்று ஆயிற்று. விதை, உரத்தை மொத்தமாக வாங்குவது, விளைச்சலை மொத்தமாக விற்பது, தூய்மை செய்து பாக்கெட் போடுவது எல்லாம் இதில் நடக்கலாம். நடக்கலாம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு, பெயர்ப் பலகை மட்டும் உள்ளவையும் இருக்கின்றன. பங்குத் தொகை கட்டுவதற்கு முன் போன ஆண்டு உறுப்பினர்களிடமிருந்து எவ்வளவு சரக்கு வாங்கினார்கள், என்ன விலைக்கு, பணம் எத்தனை நாளில் கைக்கு வந்தது, ஆண்டுப் பொதுக்குழு கூடியதா, தணிக்கை அறிக்கையைக் காட்டுவார்களா என்று கேளுங்கள். அலுவலகத்தில் கேட்பதோடு நிறுத்தாமல் இரண்டு உறுப்பினர்கள் வீட்டுக்கும் போய்க் கேளுங்கள்.

நன்றாக நடப்பதைப் பார்க்க வேண்டுமானால் தருமபுரி மாவட்டம் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு. மருத்துவர்கள் ரெஜியும் லலிதாவும் 1993-ல் பழங்குடி மக்களுக்காக அங்கே மருத்துவமனை தொடங்கினார்கள், நோய்க்குப் பின்னால் வறுமையும் கடனும் இருப்பதைப் பார்த்து விவசாயத்தின் பக்கமும் வந்தார்கள். சில குடும்பங்களோடு ஆரம்பித்த இயற்கை விவசாயிகள் சங்கத்தில் இன்று பல நூறு பேர், சிறுதானியம், மஞ்சளை அவர்களே பதப்படுத்திப் பெயர் போட்டு விற்கிறார்கள். நீலகிரியில் ஆதிமலை என்ற பழங்குடியினர் நிறுவனம் தேன், மிளகு, சிறுதானியத்தை இப்படிச் செய்கிறது. இரண்டு இடத்திலும் கவனிக்க வேண்டியது, பல ஆண்டு மக்களோடு இருந்து பழகிய பிறகுதான் நிறுவனம் வந்தது.

சின்ன அளவில் விற்றுப் பாருங்கள்

காய்கறி என்றால் உழவர் சந்தை. 1999 நவம்பர் 14-ல் மதுரை அண்ணா நகரில் முதல் சந்தை திறந்தார்கள். கடைக்கு வாடகை இல்லை, தராசு அவர்களே தருவார்கள், மொத்த விலைக்கு மேலும் வெளிக் கடைச் சில்லறை விலைக்குக் கீழும் விலை வைத்துப் பலகையில் எழுதுவார்கள். சிட்டா, அடங்கல், போட்டோவோடு சந்தை நிர்வாக அலுவலரிடம் கொடுத்தால் வயலைப் பார்த்துவிட்டு அடையாள அட்டை தருவார்கள். விற்பதைவிட அங்கே கற்பது அதிகம்: எந்தக் காய் காலை ஏழு மணிக்குள் தீர்கிறது, எது பத்து மணிக்கும் கிடக்கிறது, வாடிக்கையாளர் எதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறார். அடுத்த பட்டத்துக்கு என்ன போடுவது என்பதை அங்கே நின்று முடிவு செய்யுங்கள்.

தானியம், நிலக்கடலை, பருத்தி, மஞ்சள் என்றால் வேளாண் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம். அறுவடை நேரத்தில் விலை விழுந்து கிடந்தால் விற்க வேண்டியதில்லை, கிடங்கில் வைத்துவிட்டு அதன் பேரில் பொருளீட்டுக் கடன் வாங்கிக்கொண்டு விலை ஏறும்வரை பொறுக்கலாம். தேவைக்கு அவசரப்பட்டு விற்றுத்தான் சிறு விவசாயி நஷ்டப்படுகிறார், அதற்கு இருக்கிற நேரடி மருந்து இது.

பாக்கெட் போட்டு விற்பவர்கள் முதலில் ஒரு நோட்டில் கணக்குப் போடுங்கள். மரச்செக்கு எண்ணெயை எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறத்தாழ இரண்டரைக் கிலோ பருப்பு போகும். அந்தப் பருப்பு விலை, ஆட்டுக்கூலி, மின்சாரம், பாட்டில், மூடி, லேபிள், வண்டி வாடகை, உங்கள் வீட்டு ஆட்களின் உழைப்புக்குக் கூலி, எல்லாவற்றையும் கூட்டிப் பிண்ணாக்கு விற்ற பணத்தைக் கழித்துப் பாருங்கள். வீட்டு ஆள் கூலியைச் சேர்க்காமல்தான் பலர் லாபம் என்று எழுதுகிறார்கள், அம்மாவும் மனைவியும் இரவு பதினொரு மணி வரை பாட்டில் கழுவுவது கணக்கிலேயே வருவதில்லை. இந்தக் கணக்கில் வரும் விலைக்கு உங்கள் ஊரில் வாங்குவார்களா என்பதைச் செக்கு வாங்காமலே சோதிக்கலாம், தெரிந்த செக்கில் கூலிக்கு ஆட்டி இருபது வீட்டுக்கு விற்றுப் பாருங்கள், இரண்டாம் தடவை எத்தனை வீடு கேட்கிறது என்பதுதான் விடை.

விற்கத் தொடங்கும்போதே இரண்டு பதிவு. ஒன்று உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு, சிறிய விற்றுவரவு உள்ளவர்களுக்கு எளிய பதிவே போதும், 14 இலக்க எண் வரும், அதை லேபிளில் போட வேண்டும். லேபிளில் பொருளின் பெயர், சேர்மானம், நிகர எடை, அதிகபட்ச விலை, பாக்கெட் செய்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம், தொகுதி எண், முகவரி, சைவக் குறி இவையும் இருக்க வேண்டும். இன்னொன்று உதயம் பதிவு, 2020 ஜூலையிலிருந்து நடப்பில் உள்ளது, ஆதார் எண்ணும் பான் எண்ணும் இருந்தால் அரசுத் தளத்தில் நீங்களே செய்யலாம், முழுக்க இலவசம். கட்டணம் கேட்கும் தளத்தைக் கண்டால் உடனே மூடிவிடுங்கள்.

இப்போது வங்கி

பயிர்க் கடனுக்கு முதலில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் உறுப்பினர் ஆகுங்கள். கெடுவுக்குள் திருப்பிக் கட்டினால் தமிழ்நாட்டில் வட்டியே இல்லை. ஒரு நாள் தவறினாலும் அந்தச் சலுகை போய்விடும், தேதியைச் சுவரில் எழுதி வையுங்கள். வணிக வங்கியில் கிசான் கடன் அட்டை வாங்குகிறவர்களுக்கு 2025 ஜனவரியிலிருந்து 2 லட்சம் வரை அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு, மேலாளர் நகை கேட்டால் இதைப் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். நகைக்கடனை வேளாண் கடன் என்று காட்டி முடித்துவிடுவது சுலபம் என்பதால் அந்தப் பக்கமே தள்ளப் பார்ப்பவர்கள் உண்டு.

தொழில் கடனுக்கு மாவட்டத் தொழில் மையம். அங்கே ஒரு முழு நாள் ஒதுக்கிப் பேசுங்கள். 15 லட்சம் வரையிலான திட்டத்துக்கு மாநில அரசின் வேலைவாய்ப்பற்ற இளைஞர் திட்டத்தில் 25 சதவீத மானியம், மத்திய அரசின் பி.எம்.இ.ஜி.பி. எனப்படும் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரை, ஊரா நகரமா, எந்தப் பிரிவு என்பதைப் பொறுத்து 15 முதல் 35 சதவீதம். பட்டியலின, பழங்குடித் தொழில்முனைவோருக்கு அண்ணல் அம்பேத்கர் பெயரிலான திட்டத்தில் 35 சதவீதம். சிறு உணவு நிறுவனங்களுக்கு 2020-ல் வந்த மத்தியத் திட்டத்தில் 35 சதவீதம், உச்சம் 10 லட்சம். அந்த விண்ணப்பத்தை எழுத உதவவே மாவட்டத்தில் வள நபர்களை வைத்தார்கள், அவர்களுக்குக் கூலி அரசு தருவது, உங்கள் கையிலிருந்து அல்ல. திட்டங்கள் ஆண்டுக்காண்டு மாறும், போகிற நாளில் எது நடப்பில் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மானியம் எப்படி வேலை செய்கிறது என்பதை மட்டும் நன்றாகப் புரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள். பி.எம்.இ.ஜி.பி.யில் 10 லட்சம் திட்டத்துக்கு மூன்றரை லட்சம் மானியம் என்றால் அது உங்கள் கைக்கு வராது. வங்கியில் உங்கள் பெயரில் மூன்று ஆண்டு வைப்பாகக் கிடக்கும், தொழில் ஓடுகிறது என்று சரிபார்த்த பிறகு கடனில் கழிப்பார்கள். அதற்குள் தொழில் மூடிவிட்டால் மானியம் திரும்பிப் போய்விடும், கடன் முழுசாக உங்கள் மேல் நிற்கும். ஆகவே முதல் மூன்று ஆண்டு மானியமே இல்லை என்று வைத்துத் தவணை கட்ட முடியுமா என்று பாருங்கள், முடியாது என்றால் திட்டத்தைப் பாதியாகக் குறையுங்கள். மானியம் வாங்கித் தருகிறேன், இத்தனை சதவீதம் கொடுங்கள் என்று வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

நடுவில் சிக்கினால்

பயிரில் பூச்சி, இலை மஞ்சளாவது, வாடல் என்றால் 1800-180-1551 என்ற கிசான் அழைப்பு மையத்துக்குக் காலை 6 முதல் இரவு 10 வரை தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. பேசும்போது பயிரின் வயது, ரகம், கடைசியாகத் தெளித்த மருந்து மூன்றையும் சொல்லத் தயாராக இருங்கள். அலுவலகங்களில் மனு நகராமல் கிடந்தால் மாதந்தோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கிறது, ஆட்சியர் முன்னிலையில் எல்லாத் துறை அலுவலர்களும் உட்கார்ந்திருப்பார்கள். புதியவர்கள் தயங்கி ஒதுங்கி நிற்பார்கள், தேவையில்லை. ஒரே பக்கத்தில், சர்வே எண், விண்ணப்பித்த தேதி, யாரிடம் கொடுத்தீர்கள், இப்போது என்ன வேண்டும் என்று எழுதிக்கொண்டு, முடிந்தால் அதே சிக்கல் உள்ள நாலு பேரையும் கூட்டிக்கொண்டு போய்க் கொடுங்கள், மனு எண் போட்ட ஒப்புகைச் சீட்டை வாங்காமல் கிளம்பாதீர்கள்.